சைலன்சர் வழியே ஏறிய கடல்

படகு இன்ஜின் மெக்கானிக்குக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதனால் அவருக்குப் பட்டாசு என்றே பெயர். அவர் கை வைத்த இன்ஜினை நம்பித்தான் துறையில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறார்கள். அந்த நல்ல பேரைத்தான் அன்று அவருடைய மைத்துனன் சந்தி சிரிக்க வைத்தான்.

"நீங்க மாத்துன கேஸ்கெட் புட்டுக்கிச்சு அத்தான்! இன்ஜினுக்குள்ள தண்ணி!" என்று தன் படகில் நின்றபடி துறை முழுக்கக் கேட்கக் கத்தினான்.

பட்டாசு பல்லைக் கடித்தபடி டீசல் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றினார். துளை வழியே பீச்சியடித்தது உப்புத் தண்ணீர். கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போயிருந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சை நிறத் தண்ணீரல்லவா வரும்? அது தொட்டியில் துளியும் குறையவில்லை.

"எத்தனை தடவைடா ஸ்டார்ட்டர அமுக்குன?"

"ரெண்டு, மூணு..."

"புளுகாத! பேட்டரி செத்துக் கெடக்குது. கடல்தண்ணி வால்வ மூடாம அமுக்கிக்கிட்டே இருந்தா, பம்பு இழுக்குற தண்ணி எங்க போகும், என் மாமனார் வீட்டுக்கா? இன்ஜின் ஓடுனாத்தான் புகை அதை வெளிய தள்ளும். ஓடலன்னா சைலன்சர் ரொம்பி உள்ளதான் ஏறும்!"

மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "தப்புதான் அத்தான். ஆயில மாத்தி ஓட்டி விடுங்க, துருப்பிடிச்சிடும்."

"பிடிக்கட்டும். என்னைச் சொன்னப்ப எப்படிக் கத்துன? இதையும் அப்படியே கத்து."

அவன் ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல," என்றார் பட்டாசு, ஸ்பானரைத் தொடாமல்.