ஒரு யுத்தம், இரண்டு அறிவிப்பு

பாக்தாத் எங்கே இருக்கிறது என்று போன மாதம் வரை என் பெரியம்மா மகள் லெட்சுமிக்குத் தெரியாது. இப்போது நோர்வூட் பக்கத்தில் அவள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எப்படி என்கிறீர்களா?

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஓர் அறிவிப்பை வாசித்திருக்கிறார். ஈராக்கில் யுத்தம். கப்பல் போகவில்லை. தேயிலை தேங்கிக் கிடக்கிறது. ஆகவே இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை!

லெட்சுமி கொழுந்து பறிக்கிறவள். அவள் மகள் கொட்டகலையில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் படிக்கிறாள்.

"மூணு நாள் வேலைய வச்சிக்கிட்டு புள்ளைய பஸ்ஸுல அனுப்ப முடியாது, படிப்ப நிப்பாட்டிடலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாருண்ணே" என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அந்தக் கம்பியூட்டர்ல பாத்துச் சொல்லுங்க... இந்தச் சண்டை எப்ப முடியும்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஈ-மெயில் முகவரி எடுத்து முழுசாக மூன்று மாதம் ஆகிறதே! ஞாயிற்றுக்கிழமை அவளை ஹட்டனில் உள்ள நெட் கபேக்கு அழைத்துப் போனேன். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி, ஒருவழியாக லைன் கிடைத்தது. வல்லரசு, ஐ.நா. சபை, எண்ணெய்க் கிணறு என்று வாசித்து வாசித்து விளக்கினேன். எத்தனை பெரிய ராஜதந்திரி நான்!

ஒரு படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாகத் திறந்தது. இடிந்த வீட்டின் முன்னால் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள்.

"பாவம்ணே..." என்றாள் லெட்சுமி. அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிறகு கேட்டாளே ஒரு கேள்வி!

"அண்ணே, இதுல நம்ம தோட்டத்துக் கம்பெனி பேரப் போட்டா ஏதாச்சும் வருமா?"

அட, இது எனக்கு ஏன் தோன்றவில்லை? தட்டினேன். கம்பெனியின் சொந்தப் பக்கமே வந்து நின்றது. வெளிநாட்டு வியாபாரிகளுக்காக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு — துரை வாசித்த அதே வாரத் திகதியோடு! யுத்தத்தால் எங்கள் ஏற்றுமதிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. கப்பல்கள் வழக்கம்போலப் போகின்றன. கேட்ட அளவு தேயிலை கிடைக்கும்.

நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். வாங்குகிறவன் பயந்து ஓடிவிடக் கூடாது என்று அவனுக்கு ஒரு கதை. பறிக்கிறவளுக்கு வேறொரு கதை!

லெட்சுமி சிரித்தாள். "இத்தன வருசமா நம்ம நாட்டுச் சண்டையச் சாக்காச் சொன்னாங்க. அது ஓஞ்சதும் அடுத்தவன் வீட்டுச் சண்டைய எடுத்துக்கிட்டாங்க பாருங்க."

பிரிண்ட் எடுத்தோம். அதன் கீழேயே தமிழில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பெரட்டில் லெட்சுமி அதை உரக்க வாசித்திருக்கிறாள். வாசித்து முடித்ததும் ஒரு பெண்கூடக் கூடையைத் தூக்கவில்லையாம். துரை தாளை வாங்கிப் பார்த்தார். ஆபீசுக்குப் போய்க் கொழும்பிலுள்ள கம்பெனிக்குப் போன் போட்டார். புதன்கிழமை பெரட்டில் புதிய அறிவிப்பு — பழையபடி வாரத்துக்கு ஆறு நாள் வேலை!

மகள் படிப்பை விடவில்லை. வியாழக்கிழமை கொட்டகலை பஸ்ஸில் அவளை நானே பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்கு இறங்க வேண்டிய இடம்கூட மறந்துவிட்டது.

உலக அரசியல் எப்போதும் மேலே இருப்பவர்களிடமிருந்து நம் தலையில் வந்து விழுகிற சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதைப் பிடித்து நிறுத்தித் திருப்பிக் கேள்வி கேட்க ஹட்டனில் ஒரு கம்பியூட்டர் போதும் என்று யார் கண்டது?

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். "வெளிநாட்டுக்காரங்களுக்குப் போட்டத நீ எப்படிப் பாத்த?" என்று துரை கேட்டாராம்.

"ஒலகத்துக்கே சொன்னதுதானுங்களே தொர... நாங்களும் ஒலகத்துலதான இருக்கோம்?"