பயம் போக்க வந்த மெயில்

போன செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் ஹைதராபாத் மாதாப்பூர் ஆபீஸில் எனக்கு ஒரு மெயில். 'பதினோரு மணிக்கு கோதாவரி ரூமுக்கு வரவும். ஐடி கார்டும் லேப்டாப்பும் கொண்டு வரவும்.'

பயந்துதான் போனேன். பொய் சொல்வானேன்?

எங்கள் ஆபீஸில் மீட்டிங் ரூம்களுக்கு நதிகளின் பெயர். மூன்று வாரமாக கோதாவரிக்குப் போனவர் யாரும் சீட்டுக்குத் திரும்பவில்லை. கார்டையும் லேப்டாப்பையும் அங்கேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் காபி கப்பை செக்யூரிட்டிதான் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு போவார்.

நான் படபடப்போடு உள்ளே போனால்... இருபது பேர்! அத்தனை பேர் முகத்திலும் ஈயாடவில்லை. மேஜையில் சமோசா. திரையில் பெரிய எழுத்தில் 'பயத்தை வெல்வோம்'.

ஆட்குறைப்பால் ஊழியர்கள் பயந்து போயிருக்கிறார்களாம். பயத்தைப் போக்க ஹெச்.ஆர். ஏற்பாடு செய்த வகுப்பாம். வேலையை விட்டு அனுப்பும் மெயிலை எடுத்து, நேரத்தை மட்டும் மாற்றி எல்லோருக்கும் தட்டிவிட்டிருக்கிறார்கள். எத்தனை டிகிரி வாங்கியவர்களுக்கு இந்த மூளை!

"டரோ நக்கோ யாரோ!" என்று ஆரம்பித்தார் பயிற்சியாளர். பயப்படாதீங்கப்பா என்று ஹைதராபாத் பாஷையில் ஆறுதல். பிறகு எலி வந்தது. எலி இல்லாமல் இந்த மாதிரி வகுப்பு உண்டா?

வளர்ச்சி ஹார்மோன் உயரத்துக்கு மட்டும் இல்லையாம். மூளைக்குள்ளும் சுரக்குமாம். நாள்கணக்கில் டென்ஷனில் வைத்த எலிக்கு, பயத்தைக் கவனிக்கும் பாதாம்பருப்பு அளவுப் பகுதியில் அது கூடிவிடுமாம். அந்த நேரத்தில் கற்றுக்கொள்ளும் பயம் சாதாரண பயத்தைவிட ஆழமாகப் பதியுமாம். மனசும் சோர்ந்துபோகுமாம்.

விஷயம் நல்ல விஷயம்தான். ஆனால் அதை கோதாவரி ரூமில் உட்கார்ந்தா கேட்க வேண்டும்? எலியைக் கூண்டில் வைத்துக்கொண்டே எலிக்குப் பாடம்!

என் பக்கத்தில் செல்வி. திருநெல்வேலிப் பெண், டெஸ்டிங் டீம். அவள் கணவருக்குப் பொங்கலுக்கு முன்பே வேலை போய்விட்டது. வீட்டில் இவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறவள். சமோசாவைத் தொடவில்லை. குனிந்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி, வெறும் வகுப்புதானே?" என்றேன்.

"அக்கா, நான் பத்தேமுக்காலுக்கே ரிசைன் மெயில் போட்டுட்டேன்க்கா."

"ஏண்டி?"

"அவங்களா தள்ளுனா பேரு கெட்டுரும்லா? அடுத்த கம்பெனில கேப்பாங்கல்ல. நாமளே போட்டா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டராவது சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

முட்டாள்தனம் என்று எப்படிச் சொல்வேன்? ஆறு வருஷமாக இந்தத் தொழிலில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த புத்திசாலித்தனம் அல்லவா அது!

அவளை இழுத்துக்கொண்டு ஹெச்.ஆர். மேடத்திடம் ஓடினேன். மெயில் தந்த குழப்பம், வாபஸ் வாங்கிக்கொள்கிறாள் என்றேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். முகத்தில் வருத்தம் பொங்கி வழிந்தது.

"ஸாரி மேடம். சிஸ்டம்ல அக்செப்ட் ஆயிடுச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

திரையில் நேரத்தைப் பார்த்தேன், நான்கே நிமிடத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். என் லீவ் லெட்டர் ஒரு மாதமாக அதே சிஸ்டத்தில் தூங்குகிறது. ஆளைக் குறைக்க வழி தேடி அலைந்தவர்களுக்கு, ஒருத்தி தானாக வந்து விழுந்தால் கசக்குமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதேதோ கத்தினேன். செல்விதான் என் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

திரும்பி வந்தபோது வகுப்பு முடிந்து, ஒரு தாளை நீட்டினார்கள். 'வேலை பற்றிய உங்கள் பயம் இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறது?' என்று கேள்வி.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு 'முழுவதும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

பொய்யில்லை... போன வேலைக்கு என்ன பயம்?