பத்து நாள் சொறியக் கூடாது

போன வாரம் ஆடிக் கிருத்திகை. ஊரே சரவணப் பொய்கையில் முழுகிக்கொண்டிருக்க, நான் மட்டும் காய்ந்த தலையோடு படியில் நின்றேன். அன்றைக்குத் திருத்தணியில் நனையாமல் நிற்பவள் நாத்திகம் பேசுபவளாக இருக்க வேண்டும், இல்லை கிறுக்காக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. மார்பில் பச்சை குத்தியிருந்தேன்.

பக்கத்தைப் புரட்டாதீர்கள். முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷம் முன்னால், புற்றுநோய் என்று சென்னையில் என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு இன்னொரு டாக்டர் முதுகுச் சதையைக் கொண்டுவந்து அங்கே மேடு கட்டினார். மேடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காம்பும் இல்லை, சுற்றியிருக்கும் கருவட்டமும் இல்லை... கண் திறக்காத சிலை மாதிரி. குளிக்கும்போதெல்லாம் அழுகை வரும். நாற்பது வயதில் யாருக்குக் காட்டப் போகிறாய் என்கிறீர்களா? எனக்குத்தான்.

கிருத்திகைக்கு ஆறு நாள் முன்னால் அதே டாக்டர், வலது பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, ஊசியால் நிறம் ஏற்றி வரைந்துகொடுத்தார். கூடவே கட்டளைகள். பத்து நாள் தண்ணீர் படக்கூடாது. ஆயின்ட்மென்ட் தவிர எதையும் தடவக்கூடாது. பொருக்கு தானாக உதிர வேண்டும், பிய்த்தால் நிறமும் போய்விடும். முக்கியமாக — சொறியக் கூடாது.

அறுத்த இடத்தில் பாதி உணர்ச்சி கிடையாது. கிள்ளினாலும் தெரியாது. ஆனால் அரிப்பு மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிட்டது! சென்னையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், கனகம்மாசத்திரம் தாண்டியதிலிருந்து வீடு வரை இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து வந்தேன்.

குளத்தில் முழுக மாட்டேன் என்றதும் தெருவில் ஏன், ஏன் என்று கேள்வி. பச்சை குத்தியிருக்கிறேன் என்று பாதி உண்மையைச் சொன்னேன். கையில் காணோமே என்றார்கள். வாய் சும்மா இருக்குமா? நெஞ்சில் என்றேன்.

எங்கள் பக்கத்தில் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள், கையில் குத்திக்கொள்வார்கள். நான் நெஞ்சிலேயே குத்திக்கொண்டேன் என்று தெரு தீர்ப்பெழுதிவிட்டது. உண்மை தெரிந்த என் வீட்டுக்காரர் மறுத்தாரா? தறியை விட்டு எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டு நாள் தெருவில் நடந்தார்.

செய்தி பள்ளிப்பட்டு வரை போயிற்று. அங்கே இருக்கும் அவருடைய அக்கா — நான் வதினா என்று கூப்பிடும் நாத்தனார் — கிண்ணத்தில் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்து நின்றார். பச்சை குத்தினால் அதைப் பூசுவதுதான் வழக்கம். பூசினால் பொருக்கு ஊறிக் கழன்றுவிடும், என் வட்டமும் கூடவே போய்விடும். வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"என் தம்பி பேருல சீழ் வெச்சா ஊரு இன்னா சொல்லும்? காட்டும்மா."

கதவைத் தாழ்போட்டு, ரவிக்கையை அவிழ்த்துக் காட்டினேன்.

ஏதோ கட்டிக்கு ஆபரேஷன் என்றுதான் வதினாவிடம் சொல்லிவைத்திருந்தோம். எதை எடுத்தார்கள் என்று சொன்னதில்லை. அவர் இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார், மறுபடியும் இடதைப் பார்த்தார். இவர் வாய் திறந்தால் கிருத்திகைக் கூட்டத்துக்கே தெரிந்துவிடும்.

"டாக்டரு இன்னா தடவச் சொன்னாரு?"

டியூபை நீட்டினேன். அவரே வாங்கி, விரல் நுனியால் மெல்லிசாகத் தடவினார். அப்புறம் வீணாகக் கூடாதென்று மஞ்சளை எடுத்துத் தன் முகத்தில் பூசிக்கொண்டார்.

இனி குளக்கரைக்கு வருவோம். நான் படியில் நிற்க, தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பேர் எப்படித்தான் எழுதியிருக்கிறது, காட்டேன் என்று ஒருத்தி என் முந்தானையைப் பிடித்தே விட்டாள். வதினா தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நான் பாத்தேன்டி. என் தம்பி பேருதான். முத்து முத்தா எழுதிகிது."

முந்தானையை விட்டாள். கும்பல் கலைந்தது.

வதினாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.