பார்த்ததைச் சொல்லி ஜெபித்த அக்கா

அக்கா கர்த்தருக்குள் உறங்கி ஓராண்டு நிறைகிறது. "அம்மாவோட நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும் சித்தி" என்று அக்காவின் மகன் கேட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு உட்காரத்தான் தோன்றும், எழுதத் தோன்றாது. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து பேனாவை எடுத்திருக்கிறேன். உறவினர்களும் நண்பர்களும் பிழை பொறுத்து வாசிக்கவும்.

அக்கா ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அப்பாவுக்குத் தண்டவாளம் சரிபார்க்கும் வேலை. விடியுமுன் நடக்கத் தொடங்கி, வீடு திரும்பியதும் வழியில் கண்டதையெல்லாம் சொல்வார். ஒரு நாள் கீரிப்பிள்ளை, ஒரு நாள் ஏலகிரி மேல் இறங்கிய மேகம். அக்காவின் ஜெபம் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மாமா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்து நெஞ்சு கெட்டு, மகனுக்கு ஆறு வயதாகும்போது போய்விட்டார். அதன்பின் அக்கா ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடம் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. மகனைப் படிக்க வைத்தார். என் வாழ்க்கை சரியாக அமையாமல் நான் பெட்டியோடு வந்து நின்றபோது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொண்டார்.

தினமும் ஐந்து மணிக்குப் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு முருங்கை மரத்தடியில் நிற்பார். அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அன்றைக்குக் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லி நன்றி கூறாமல் ஆண்டவரிடம் எதையும் கேட்கக் கூடாது. "முருங்க பூ வுட்டிருக்கு, ஸ்தோத்திரம். மைனா ரெண்டு வந்திருக்கு, ஸ்தோத்திரம்." அதற்குப் பிறகுதான் மகனின் பரீட்சை, என் தலைவலி எல்லாம். டேனரிப் பக்கமிருந்து காற்றடிக்கும் நாட்களில் எனக்குக் குமட்டும். அக்கா அதையும் விடமாட்டார். "காத்து வந்திச்சி, ஸ்தோத்திரம்" என்பார்.

"இந்த நாத்தத்துக்குமாக்கா?" என்று கேட்டால், "காத்து அவருது. நாத்தம் நம்மளுது. அவரு நம்ம மேல அன்பா இருக்காருன்றதுக்கு வேற இன்னா வேணும்?" என்பார்.

எனக்கு அப்படியெல்லாம் தோன்றியதில்லை. அந்த நேரத்துத் தூக்கம்தான் பெரிதாக இருந்தது.

கடைசி இரண்டு வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு நாள் வேலூருக்கு டயாலிசிஸ். அந்த இரண்டு நாளை மற்ற நாட்களில் ஓவர்டைம் பார்த்து ஈடுகட்டினேன். கால் வீங்கி நடக்க முடியாமல் போனபின் கட்டிலை முன்னறையில் போட்டோம். அங்கிருந்து ஜன்னல் வழியே அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். ஆகவே என்னை அனுப்பினார். "பாப்பா, பின்னாடி போய் பாத்துட்டு வா. இன்னா பாத்தன்னு சொல்லு. நான் ஜெபத்துல சொல்லணும்."

முதல் மாதம் உண்மையாகவே போய்ப் பார்த்தேன். பிறகு உடம்பு கேட்கவில்லை. கதவைத் திறக்காமலே, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, மைனா என்றும் பூ என்றும் எதையாவது சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினேன். இதை நம் குடும்பத்தில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

ஒரு நாள் மதியம் அடித்த காற்றில் முருங்கை வேரோடு சாய்ந்தது. நான் வேலையில் இருந்தேன். அடுத்த வீட்டு ஷகிலா அம்மா ஆள் வைத்து வெட்டி ஒதுக்கினார். ஓவர்டைம் முடிந்து வந்து அப்படியே படுத்த எனக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் வழக்கம்போல் அக்கா கேட்டார்.

"இன்னா பாத்த?"

"முருங்கையில மைனா ரெண்டு உக்காந்துகினு இருக்குக்கா."

அக்கா என்னைப் பார்த்து, "சரிம்மா. பஸ்ஸு வந்துடும், போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடப் போனபோதுதான் மரம் இல்லாததைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரம் விழுந்த சத்தம் அக்காவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். மூன்று வாரத்தில் அக்கா போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஷகிலா அம்மா சோறு கொண்டுவந்தார். அவரும் விடியற்காலைத் தொழுகைக்கு எழுபவர். அக்காவின் ஜன்னல் அவர் வீட்டுக் குழாயடிப் பக்கம். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி அழுதேன்.

"அவங்களுக்குத் தெரியாமயா? மரம் சாஞ்சதும் என்னைக் கூப்ட்டதே அவங்கதான்" என்றார். "மறுநா நீ பஸ்ஸுக்குப் போனப்புறம் அவங்க துவா கேட்டது என் காதுல வுழுந்துச்சி. 'ஆண்டவரே, இன்னைக்கி மரமும் இல்ல, மைனாவும் இல்ல. நிக்கக்கூட முடியாத என் தங்கச்சி, என் மனசு நோவக் கூடாதுன்னு ஒரு பொய் சொன்னா. அதத்தான் பாத்தேன், ஸ்தோத்திரம்' அப்டின்னாங்க. அப்புறம் ஒண்ணும் கேக்கவே இல்ல."

அக்காவின் மனம் நோகக் கூடாதென்று நான் சொல்லவில்லை. களைப்பில் சொன்னேன். அவர் அதை அன்பென்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வருடமாக இது என் நெஞ்சில் கிடக்கிறது. அதனால்தான் இந்த மலரில் எழுதிவிட்டேன்.

எனக்காக பஸ்ஸை இரண்டு நிமிடம் நிறுத்திவைத்த ஓட்டுநருக்கும், "வலிக்கும்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு ஊசி குத்திய வேலூர் செவிலியருக்கும், சபையாருக்கும், ஷகிலா அம்மாவுக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்போது ஐந்து மணிக்கு எழுந்து பின்பக்கம் போய் நிற்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை. அக்காவுக்கு இருந்த நிச்சயம் எனக்கு இன்னும் வந்துவிடவில்லை. இன்று காலை மரம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. டேனரி வாடைதான் வந்தது. "மைனா வரல, ஆண்டவரே. காத்து வந்திச்சி, ஸ்தோத்திரம்" என்று உள்ளதைச் சொன்னேன். கேட்பதற்கு ஒன்றே ஒன்று இருந்தது. நாளைக்கும் என்னை எழுப்பிவிடும்படி கேட்டேன்.