ரேங்க்காரர் மகளுக்குப் பார்த்த கல்லூரி

என் அக்கா வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பேர் ரேங்க்காரர். பல் டாக்டரிடம் போனால்கூட முதல் பத்துக்குள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். முன்னே தண்ணீர் சுத்தம் பண்ணும் மெஷின் விற்றார். அது போணியாகவில்லை. மருந்துக்கடை மாடியில் ஒரு அறை பிடித்தார், பெரிய பெரிய பல்கலைக்கழகங்களின் கொடிகளைச் சுவரில் ஒட்டினார், ஒரே வாரத்தில் படிப்பு ஆலோசகர் ஆகிவிட்டார். அதில் ஒன்றின் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி, எதற்குள்ளும் கால் வைத்ததில்லை.

வருகிற பெற்றோரிடம் அவர் அளந்துவிடுவதைக் கேட்கணுமே! "அங்க பேர் பெருசு, ஆனா முந்நூறு பேரோட உக்காந்து கேக்கணும். இங்க பேர் சின்னது, பேராசிரியரே பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பார். உங்க பொண்ணுக்கு எது ஒத்துவரும்னு பாருங்க." நல்ல பேச்சுதான், இல்லை என்று சொல்லவில்லை.

அவருடைய ஒரே மகள் நாலு பேர் கூடினால் அறைக்குள் போய்விடுகிறவள். பால்கனியில் ஒரு கண்ணாடித் தொட்டியில் நத்தை வளர்க்கிறாள். உடைந்த ஓடு திரும்ப வளர்வதை உட்கார்ந்து பார்ப்பாள், படமாக வரைவாள். நத்தைகளையே ஆராய்கிற ஒரு பேராசிரியை இருக்கும் சின்னக் கல்லூரியில் படிக்கணும் என்பதுதான் அவள் ஆசை. சீட்டுக்காகக் கேட்கும் கட்டுரையில் நத்தையைப் பற்றியே எழுதி அங்கே அனுப்பினாள்.

"நத்தையைப் பத்தி எழுதினா எவன் சீட்டு குடுப்பான்?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அப்பன். ரேங்க் லிஸ்ட்டில் நம்பர் ஒன்னாக இருந்த பல்கலைக்கழகத்துக்கு மகள் பேரில் அவரே உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மேடை மேடையாக ஏறிப் பேசி, ஊரையே திரட்டி, ஆற்றைச் சுத்தம் செய்த மகளாம். த்தூ! எங்கள் பிள்ளை வகுப்பில் 'பிரசன்ட்' சொல்லவே முக்குவாள்.

இரண்டு இடத்திலும் சீட்டு கிடைத்தது. பீத்திக்கொள்வதற்கென்றே எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"அவ சின்னக் காலேஜைத்தானே கேக்குறா மாமா?" என்றேன்.

"அது லிஸ்ட்டுலயே இல்லையேடா மாப்ள!"

"ஒத்துவரணும்னு ஆபீஸ்ல சொல்வீங்களே?"

"அது வர்றவங்களுக்குடா" என்றார், கொஞ்சமும் கூசாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்நேரம் பார்த்து அவர் போனுக்கு நம்பர் ஒன்னிலிருந்து மெயில் வந்தது. சத்தம்போட்டுப் படித்தார். புது மாணவர்களை வரவேற்கும் விழாவில், ஆற்றைக் காப்பாற்றிய பெண்தான் எல்லோர் சார்பிலும் பேசணுமாம். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

பால்கனியிலிருந்து மகள் எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பயப்படாதம்மா, பேச்சையும் அப்பாவே எழுதித் தர்றேன்" என்றார்.

"அவங்க கூப்பிடுறது நீங்க எழுதின பொண்ணைப்பா" என்றாள். "அவளையே அனுப்பிடுங்க. நான் சின்னக் காலேஜுக்கு வரேன்னு காலைலயே சொல்லிட்டேன்."