மூடிய கதவுக்கு ஒரு வரிசை

டீசா லுண்ட்கிரேன் சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசாதவள். ரொட்டிக்கடையில் ஏலக்காய் ரொட்டி கேட்டு, கடைக்காரர் தவறுதலாக இலவங்கப்பட்டை ரொட்டியைக் கொடுத்துவிட்டால், நன்றி சொல்லி அதையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஸ்தென்விக்கில் இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆனால் அப்படிப்பட்டவள் மக்கள் தொடர்புப் படிப்பில் சேர்ந்தது ஏன் என்றுதான் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

“பேசப் பயந்துதாம்பா எழுதுற படிப்புக்குப் போறேன்” என்றாள். அப்பா ஹெர்ரிங் மீனில் முள் எடுத்தபடியே தலையாட்டினார்.

கடைசிப் பருவத்தில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். ஆசிரியை சிக்பிரிட் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பயிற்சி முடிவதற்குள் மாணவி எழுதிய ஒரு வாக்கியமாவது, வேறு யாரும் கைவைக்காமல், ஊர் ஜனங்களின் கண்ணெதிரே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

“ஒரு வாக்கியம் போதுமா?”

“போதும். முதல்ல அந்த ஒண்ணைக் காப்பாத்திக் கொண்டு வா, பார்ப்போம்.”

டீசாவுக்கு இடம் கிடைத்தது, நகராட்சிக்கு அறிவிப்பும் விளம்பரமும் எழுதித் தரும் ஒரு நிறுவனத்தில். அங்கே முதலாளி ஹோகானையும் எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர் யாருக்கும் எதையும் உத்தரவிட்டதில்லை. எந்தக் காரியமானாலும் காப்பி நேரத்தில் மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்பார். ஒருவர் முகம் லேசாகச் சுளித்தாலும் மறுபடி ஒரு சுற்று. டீசா எழுதியதெல்லாம் அந்த மேஜைக்குள் ஒரு பக்கம் போய், மறுபக்கம் வேறு யாருடையதோ ஆகி வெளியே வந்தது.

பயிற்சி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஊர் நீச்சல் கூடத்தில் குழாய் வெடித்தது. கதவில் ஒட்ட ஓர் அறிவிப்பு வேண்டும் என்று நகராட்சி கேட்டது. டீசா உடனே எழுதிவிட்டாள்: ‘நீச்சல் கூடம் மே மாதம் வரை மூடப்பட்டிருக்கும்.’

“பிரமாதம்! இதுல மாத்த என்ன இருக்கு?” என்றார் ஹோகான். டீசா பேனாவை மூடினாள். “சும்மா ஒரு சுற்று மட்டும் கேட்டுடுவோம்.”

காப்பி வந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்று ஆரம்பித்தாள் குன்வோர். அங்கே இருபது வருடமாக இருப்பவள். “ஆனா ‘மூடப்பட்டிருக்கும்’னு படிச்சதும் மூஞ்சில கதவைச் சாத்தின மாதிரி இருக்கு.”

“கதவைச் சாத்தித்தானே இருக்கு?” என்றாள் டீசா, கோப்பைக்குள்.

“அதைச் சொல்லணுமான்னுதான் கேக்குறேன்.”

படம் வரையும் யெர்க்கெருக்கு மே மாதம் உறுத்தியது. “ஜூன் ஆயிட்டா? நம்மளைப் பொய்யன்னு சொல்ல மாட்டாங்களா?”

“நீச்சல்னு போட்டா, வெந்நீர் அறைக்கு மட்டும் வர்றவங்க மனசு சங்கடப்படும்” என்றார் ஹோகானே.

மூன்றாவது சுற்றின் முடிவில், தட்டில் ரொட்டியும் தீர்ந்த பிறகு, யாரும் முகம் சுளிக்காத வாக்கியம் ஒன்று கிடைத்தது. மறுநாள் நீல அலைகளின் நடுவே கதவை நிறைத்துக்கொண்டு நின்றது: ‘உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.’

காலையில் முதலில் வந்தவள் மைலிஸ். தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்யும் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறிவிப்பைப் படித்தாள். நம்மை நினைக்கிறார்கள் என்றால் திறக்கத்தான் போகிறார்கள் என்று நின்றாள். அடுத்து வந்தவர் அவளுக்கு ஒரு கை தள்ளி நின்றார். ஏற்கெனவே ஒருத்தி நிற்கிறாள், காரணம் இல்லாமலா நிற்பாள்? முன்பின் தெரியாதவரிடம் கேட்பது மரியாதையும் இல்லை. மதியத்துக்குள் வரிசை சைக்கிள் நிறுத்தம் வரை போய்விட்டது. இருட்டியதும் கலைந்து, விடிந்ததும் மறுபடி சேர்ந்தது.

ஹோகான் புகைப்படத்தோடு ஓடிவந்தார். “நகராட்சிக்காரங்க சந்தோஷத்துல குதிக்கிறாங்க! திறந்திருந்தப்பக்கூட இவ்ளோ பேர் வந்ததில்லையாம்!”

“ஹோகான், அவங்க குளிக்க வந்திருக்காங்க.”

“ஆமா, எவ்ளோ ஆர்வம் பாரு!”

அன்றைக்கு ஒரு சுற்று கூடிப் பேசியதில், மூடிய கதவருகே வரிசை எண் கொடுக்கும் இயந்திரம் ஒன்றை வைப்பது என்று முடிவாயிற்று. அதன் பிறகு கூட்டம் இரட்டிப்பானது. எண் கொடுத்தால் ஏதோ இருக்கும் என்று நீச்சல் தெரியாதவர்களும் வந்து எடுத்தார்கள். சிலர் மடக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். குடுவைக் காப்பி கைமாறியது. ஒரு கிழவர் நீச்சல் தொப்பியைக் கம்பளித் தொப்பிக்கு மேலேயே போட்டுக்கொண்டு நின்றார்.

கடைசி நாள் வந்தது. டீசா எழுதியதில் ஓர் எழுத்துகூட ஊரில் எங்கும் இல்லை. மறுபடி ஒரு பருவம், மறுபடி ஒரு மேஜை, மறுபடி சுற்று. அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு தடித்த பேனாவும் ஒட்டுநாடாவும் எடுத்துக்கொண்டு நடந்தாள். எல்லாருடைய கண்ணும் முதுகில் விழ, வரிசையின் ஓரமாகவே போய், அலைகளின் மேல் ஒரு தாளை ஒட்டினாள்: ‘மே மாதம் வரை மூடியிருக்கிறது.’

மைலிஸ் படித்தாள். மறுபடி படித்தாள். பின்னால் திரும்பி, இத்தனை நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“மூடியிருக்காம்.”

“யார் முடிவு பண்ணாங்க?” என்றார் தொப்பிக் கிழவர்.

“குழாய்” என்றாள் டீசா.

வரிசை யோசித்தது. “எல்லாரும் ஒத்துக்கிறோமா? ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்றாள் மைலிஸ். கேள்வி ஒவ்வொருவராகக் கடந்து சைக்கிள் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தது.

“எல்லாருக்கும் சம்மதம்தான்” என்றார் கிழவர். “ஆனா ‘அன்புடன்’னு ஒண்ணு சேர்த்தா இதமா இருக்கும். பேனாவைக் கொடும்மா.”

டீசா பேனாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். “மாட்டேன். ஒரு எழுத்துகூட சேர்க்கக் கூடாது.” சத்தமாகவே வந்துவிட்டது.

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சரி சரி, அதுக்கு ஏன் கத்துற?”

அதன் பிறகு கலைந்தார்கள். அதுவும் எண் வரிசைப்படிதான். ஒருவர் போன பிறகு அடுத்தவர் முன்னால் வந்து, தாளைப் படித்து, தலையாட்டிவிட்டுப் போனார். பாதி கலைந்திருக்கும்போது, கழுத்துத் துணிக்குள் மூக்கு வரை புதைந்த ஒரு பெண் துண்டோடு முன்னால் வந்து நின்றாள். சிக்பிரிட்.

“நீ எழுதினதா?”

“ம்.”

“யாரும் கைவைக்கலையே?”

“வைக்க விடலை.”

“பாஸ்” என்றாள் ஆசிரியை. பிறகு தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “நான் திங்கக்கிழமைலேருந்து வர்றேன்.”

“கேட்டிருக்கலாமே?”

“யார்கிட்ட?” என்று சொல்லிவிட்டு, எண்சீட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை அந்தத் தாளைப் பற்றி நிறுவனத்தில் நான்கு சுற்றுக் கூட்டம் நடந்ததாம். டீசா போகவில்லை. அவள் பயிற்சி முடிந்துவிட்டது.