பீலி இருக்கோ?

வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துவைத்த துணி காயாத மாதங்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட எங்களுக்கு மழையின் அருமையைச் சொல்லித்தர, கூரைத் தண்ணீரைச் சேமிக்க வீட்டுக்கொரு டேங்கு கொடுக்கும் திட்டம் வந்தது. குறை சொல்லவில்லை. தை, மாசியில் வெயில் பிடித்தால் பள்ளத்தில் மலைத்தண்ணீர் நூலாகத்தான் விழும். என் மனைவி அறுபது படி இறங்கி, குடம் நிரம்பும்வரை நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவாள். அந்தக் கால் என்னாகுமோ என்று நான் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து ஓயாமல் கவலைப்படுவேன்.

திட்டத்து மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, உங்கடை வீட்டுக்குப் பீலி இருக்கோ?"

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு விடை தெரிந்த கேள்வி கிடைப்பது அபூர்வம்.

"இருக்குங்க மிஸ். வெள்ளக்காரன் காலத்துப் பீலி."

"உறுதியா இருக்கோ?"

"கல்லுல கட்டுனதுங்க!"

அவர் சரி போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எங்களுக்குப் பீலி என்றால் மலைத்தண்ணீர் விழும் இடம். குளிப்பதும் குடம் பிடிப்பதும் அங்கேதான். அவர் ஊரில் பீலி என்றால் கூரைத் தண்ணீரை ஏந்தும் தகரவாய்க்கால். இது எனக்கு விளங்கியது டேங்கு வந்து இறங்கிய பிறகு.

மிஸ் படம் எடுக்க வந்த அன்று நல்ல மழை. கூரைத் தண்ணீர் டேங்கின் முதுகைப் பளபளவென்று கழுவிவிட்டு ஓடியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"பீலி எங்கை ஐயா?"

நான் பள்ளத்தைக் காட்டினேன். பொய்க் கையெழுத்துக்கு எத்தனை மாதம் உள்ளே போடுவார்கள் என்று மனம் கணக்குப் பார்த்தது.

மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "அந்தப் பீலிக்குப் போவ முடியாமத்தான் மிஸ் டேங்கே கேட்டோம்."

மிஸ் சிரித்துவிட்டார். சிரிப்புத்தான் என்று உறுதியான பிறகு நானும் சிரித்தேன். கூரைப் பீலி அடுத்த திட்டத்தில் வருமாம். அதற்காகப் படம் எடுக்காமல் போகவில்லை. காலி டேங்கு என்று படத்தில் தெரியவா போகிறது?

தோட்டத்துக் கூரையில் கை வைத்தால் தோட்டத்தை நடத்தும் தொரை என்ன சொல்வாரோ என்று ஒரு வாரம் யோசித்தேன். மனைவி பழைய தகரத்தை இழுத்து வந்தாள்.

"நீங்க கவலப்பட்டு முடிங்க. நான் கம்பியப் புடிக்கிறேன்."

தகரத்தை வளைத்து, ஆணி அடிக்காமல் கூரை ஓரத்தில் கம்பியால் கட்டினோம். முதல் மழைத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். விட்டேன். கூரைக் கரியெல்லாம் கறுப்பாக ஓடியது. வீட்டிலோ குடிக்கத் தண்ணீர் இல்லை. மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குடத்தை நான் எடுத்தேன்.

பீலியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னாண்ணே, அக்காவுக்கு ஒடம்பு முடியலையா?"

"இல்ல, டேங்கு வந்துருச்சு."

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் குடம் நிரம்பிவிட்டது. ஏறும்போது நாற்பதாவது படியில் உட்கார்ந்தேன். இத்தனை வருடமும் நான் கவலைப்பட்டது எதைப் பற்றி என்று அங்கேதான் தெரிந்தது.

மறுநாள் மழையில் டேங்கில் ஒரு முழம் ஏறியது. மனைவி குடத்தைக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டு, நிற்காமல் உள்ளே போய்விட்டாள். வழிந்து வீணாகிவிடுமோ என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.